எடையில்லாத கயிறு

எங்கள் தெருவில் படிப்பைக் காதால்தான் அளப்பார்கள். வாயை மூடிக்கொண்டு படித்தால் என் அம்மா அதைப் படிப்புக் கணக்கில் சேர்க்கவே மாட்டாள். "இன்னாடி, தூங்கறியா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்துவிடும். அதனால் பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப்பில் சேர்ந்த நாளிலிருந்து இயற்பியலை நான் கத்தித்தான் படித்தேன். விழுப்புரத்தை அடுத்த கெடாருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தெருவே என்னோடு சேர்ந்து அந்தப் பாடத்தைப் படித்தது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது எதிர்வீட்டு அத்தைக்கு மனப்பாடம். மருமகளோடு சண்டை வந்த ஒரு நாள், அவர் அதை எடுத்துச் சொல்லியும் விட்டார். மருமகள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

இப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. நான் சொல்லப்போவது போன வருஷம், பதினொன்றில் நடந்தது. விழுப்புரத்தில் ஒரு அரசுப் பள்ளி, தமிழ் வழி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் கோபத்தில் முக்கால் பங்கு இயற்பியல் புத்தகத்தால் வந்தது என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அந்தப் புத்தகத்தில் ஒரு உலகம் இருக்கிறது. அங்கே தரையில் உராய்வு கிடையாது. காற்றுக்குத் தடை கிடையாது. லாரியை ஒரு புள்ளி என்பார்கள். யானையையும் ஒரு புள்ளி என்பார்கள். யானையைப் புள்ளி என்று சொல்கிறவனை எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து மருத்துவமனைக்கு அழைத்துப்போவார்கள், புத்தகத்தில் அவனுக்கு ஐந்து மதிப்பெண். வேதியியலும் லேசுப்பட்டது இல்லை. நிறமற்ற, மணமற்ற, சுவையற்ற வாயு என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது அம்மா கரண்டியோடு வெளியே வந்து, "நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லைன்னா அது உங்க பெரியம்மா வைக்கிற ரசம்டி. அதை இன்னாத்துக்குப் படிக்கறே?" என்றாள். நானும் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். பிறகு அடுத்த வாயுவைக் கத்தினேன்.

எங்கள் இயற்பியல் ஆசிரியர் திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வகுப்பில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் திண்டிவனத்தார். பஸ் ஒரு நாளும் நேரத்துக்கு வராது. வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்து, "நான் கரெக்ட் டைமுக்கு வந்துட்டேன்னு வச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டு, பாடத்தை நடுவிலிருந்து ஆரம்பிப்பார். பாதி பாடம் முடிந்துவிட்டதாக நாங்களும் வைத்துக்கொள்ள வேண்டும். "திண்டிவனத்துல இருந்து ஒரு பஸ் சீரான வேகத்துல கிளம்புதுன்னு வச்சுக்குவோம்" என்று அவர் கரும்பலகையில் கோடு போட்டால் வகுப்பே சிரிக்கும். அவரும் சிரிப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு எதுவும் நிஜமாக இருக்க வேண்டியதில்லை, இருப்பதாக வைத்துக்கொண்டால் போதும்.

என் அப்பா அதற்கு நேர் எதிர். பந்தல் போடுகிறவர். ஒரு காண்டிராக்டரிடம் வேலை. கல்யாணம், காது குத்து, கருமாதி என்று எது வந்தாலும் கம்பு நடுவதும் சாமியானா இழுத்துக் கட்டுவதும் அவருடைய ஆட்கள்தான். கம்பும் துணியும் மினி லாரியில் போகும். கயிற்றுக் கட்டு மட்டும் அப்பாவின் இடது தோளில் போகும், லாரியில் போட்டால் சிக்கு விழுந்துவிடும் என்பார். வருஷக்கணக்காகத் தூக்கியதில் அவருடைய இடது தோள் வலது தோளைவிட இறங்கிவிட்டது. அவர் சட்டை போட்டால் ஒரு பக்கம் நீளமாகத் தொங்கும். அதற்காகவே வீட்டில் சட்டை போட மாட்டார். துண்டுதான்.

தேங்காய் நார்க் கயிறு மழையில் நனைந்தால் கனம் ஏறிவிடும், நைலான் கயிறு வெயிலில் தொய்ந்துவிடும் என்று அப்பா அடிக்கடி அலுத்துக்கொள்வார். நார்க் கயிற்றைத் திட்டிவிட்டு நைலானுக்குப் போவார். நைலானைத் திட்டிவிட்டு நாருக்குத் திரும்புவார். எங்கள் வீட்டில் கயிற்றைப் பற்றிய பேச்சு, மற்ற வீடுகளில் மருமகளைப் பற்றிய பேச்சு நடப்பதுபோல, ஓயாமல் நடக்கும்.

ஒரு சாயங்காலம் அப்பா வாசலில் உட்கார்ந்து கயிற்றுச் சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். "நிறையற்ற, நீளாத கயிறு ஒன்று உராய்வற்ற கப்பியின் மீது செல்கிறது."

அம்மா முதலில் பிடித்துக்கொண்டாள். "நெறைய அத்த கயிறா? அதுக்கு இன்னாத்துக்குடி பொஸ்தகம்? உங்க அப்பா அதைத்தான் மூட்டை கட்டி வச்சிருக்காரே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அத்துப்போன கயிறு இல்லம்மா. நிறை அற்ற. நிறைன்னா வெயிட்டு மாதிரி. வெயிட்டே இல்லாத கயிறு."

வாசலில் சிக்கு பிரிக்கிற சத்தம் நின்றது. "இன்னா சொன்ன பாப்பா?" என்றார் அப்பா.

"வெயிட்டே இல்லாத கயிறுப்பா. இழுத்தாலும் நீளாது."

"மழையில நனைஞ்சா?"

அந்தக் கயிறு மழையில் நனையுமா என்று புத்தகத்தில் போடவில்லை. ஆனால் நியாயமாகப் பார்த்தால் அதற்கு எப்போதுமே நிறை இருக்கக் கூடாது. "நனைஞ்சாலும் வெயிட்டு ஏறாது" என்றேன்.

"வெயில்ல தொய்யுமா?"

"அதான் நீளாதுன்னு போட்டிருக்குதேப்பா."

அப்பா எழுந்து உள்ளே வந்தார். கையில் இருந்த கயிற்று முனையை விட மறந்து அதையும் இழுத்துக்கொண்டே வந்தார். "அப்படி ஒண்ணு இருக்குதா?"

நான் திண்டிவனத்தார் சொல்வதைத்தான் சொன்னேன். "இருக்குன்னு வச்சுக்கோப்பா."

"குடுத்தா வச்சுக்க மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்றார் அப்பா.

இந்த 'வச்சுக்கோ' என்கிற வார்த்தையால்தான் எங்கள் வீட்டில் எல்லாக் கூத்தும் நடந்தது. எதிர்வீட்டு அத்தை முருங்கைக்காயைக் கொடுத்து 'வச்சுக்கோ' என்பார். ஆசிரியர் உராய்வற்ற கப்பியைக் கொடுத்து 'வச்சுக்கோ' என்பார். முருங்கைக்காய் குழம்பாகும், கப்பி ஒன்றும் ஆகாது. இந்த வித்தியாசம் எனக்கே இரண்டு மாதம் கழித்துத்தான் விளங்கியது. அப்பாவுக்கு ஒரு நிமிஷத்தில் எப்படி விளங்கும்?

"எங்க விக்குது?" என்று அடுத்த கேள்வி கேட்டார்.

நான் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். தலையைத் தூக்காமல், "திண்டிவனத்தாருக்குத்தான் தெரியும்" என்றேன்.

"அதானே பாத்தேன். இந்த மாதிரி சரக்கெல்லாம் விழுப்புரத்துல ஏது?" என்று சொல்லிவிட்டு அப்பா வாசலுக்குப் போனார். அன்றைக்கு அவர் கயிற்றைத் திட்டவில்லை.

அடுத்த வாரமே அப்பாவுக்குத் திண்டிவனத்தில் ஒரு கல்யாண வேலை வந்தது. வேலை முடிந்ததும் கடைத்தெருவில் இருக்கும் ஒரு கயிற்றுக் கடைக்குப் போயிருக்கிறார். விளக்கு வைக்கிற நேரம். எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் விளக்கு வைத்த பிறகு 'இல்லை' என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வியாபாரம் போய்விடும் என்று நம்பிக்கை. சரக்கு இல்லை என்றால் 'வரணும்' என்பார்கள். வரவே வராத சரக்கும் அவர்களுக்கு 'வரணும்'தான். அப்பா போய், வெயிட்டே இல்லாத, நீளாத கயிறு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் கொஞ்சமும் அசராமல், "வரணும்" என்றிருக்கிறார்.

அதோடு விட்டாரா? அந்தக் கயிற்றுக்கு இது தம்பி மாதிரி என்று சொல்லி ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் கயிற்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அப்பா அதைக் கொண்டுவந்து என் புத்தகத்தின் மேல் வைத்தார். "இது தம்பியாம். அண்ணன் லோடு வரணுமாம். நீ படிச்ச பொண்ணு, பாத்துச் சொல்லு."

நான் சொல்லிப் பார்த்தேன். சொல்லாமல் இல்லை. "ப்பா, அது நிஜமா இல்லவே இல்லைப்பா."

"நீதான இருக்குன்ன?"

"இருக்குன்னு வச்சுக்கோன்னேன்."

"அதான் வச்சுக்கறேன்னு சொல்றேன்."

இதற்கு மேல் போனால் சுற்றிச் சுற்றிச் செக்குமாடு கதைதான். கோபத்தில் அந்த நீலக் கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். எதிர்வீட்டு அத்தையிடம் மல்லாட்டைக் கடலை எடை போடுகிற தராசு இருந்தது. அதில் கயிற்றை வைத்தேன். தட்டு இறங்கியது. "நிறை இருக்குது. பெயில்" என்றேன். பிறகு அதைப் புங்கமரக் கிளையில் கட்டி, ஆட்டுக்கல் குழவியைத் தொங்கவிட்டு, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். காலையில் பார்த்தால் குழவி கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. "நீளவும் நீளுது. இதுலயும் பெயில்" என்றேன். இன்னொருவரை பெயில் போடுவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆசிரியர்கள் ஏன் அந்த வேலைக்குப் போகிறார்கள் என்பதும் ஓரளவு புரிந்தது.

அது தெருவில் ஒரு வழக்கமாகிவிட்டது. அப்பா எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் ஒரு துண்டுக் கயிறு கொண்டுவருவார். அக்கம்பக்கத்தில் இருந்தும் வர ஆரம்பித்தார்கள். மாடு கட்டுகிற கயிறு வந்தது, தூளிக் கயிறு வந்தது, ஒருவர் தன் பேரனின் அரைஞாண் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். பேரன் கூடவே அழுதுகொண்டு வந்தான். எல்லாவற்றுக்கும் நான் எடை போட்டு, தொங்கவிட்டு, பெயில் சொன்னேன். எதிர்வீட்டு அத்தை வாசலில் இருந்தபடியே, "தாலிக் கயிறைப் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். அது நூல்தானே அத்தை, லேசாகத்தான் இருக்கும் என்றேன். "நீ கட்டிக்கினு அப்புறமா வந்து சொல்லு. இருக்கறதுலயே அதான்டி வெயிட்டு" என்றார். அம்மா அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. அப்பா மட்டும் சிரிக்கவில்லை, ஒரு கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறை திண்டிவனத்துக்குப் போனபோது கடைக்காரர், லோடு மெட்ராஸிலிருந்து கிளம்பிவிட்டது என்றிருக்கிறார். மூன்றாம் முறை, வெயிட்டே இல்லாத சரக்கு என்பதால் லாரியில் நிற்க மாட்டேன் என்கிறது, காற்றில் எழும்பிவிடுகிறது, அதனால் தாமதம் என்றிருக்கிறார். அப்பா இதை வீட்டில் வந்து ரொம்பப் பொறுப்பாகச் சொன்னார். "நியாயந்தானே. மேல ஒரு கல்லு வச்சு ஏத்தியாரணும்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த எனக்குப் புரையேறியது.

இந்த லட்சணத்தில் காலாண்டுத் தேர்வு வந்தது. கேள்வித்தாளில் அதே கப்பி, அதே கயிறு. கயிற்றின் இரு முனைகளிலும் இரண்டு நிறைகள் தொங்குகின்றன, முடுக்கம் காண்க. நான் எழுதவேண்டியது நாலு வரி. ஆனால் இத்தனை கயிற்றை எடை போட்டவளுக்கு அந்தக் கேள்வியைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 'கேள்வியில் உள்ள கயிறு நார்க் கயிறா, நைலானா என்று குறிப்பிடப்படவில்லை. நார்க் கயிறு என்றால் மழைக்காலமா என்பதும் தெரிய வேண்டும்' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எழுதி முடித்தபோது மனசு நிறைந்திருந்தது. மற்ற கேள்விகளுக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது.

எழுபதுக்குப் பதினொன்று. அந்த ஒன்றரைப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்விக்குறி, பெரிதாக.

திண்டிவனத்தார் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கோபப்பட்டிருப்பேன். "வீட்ல இருந்து யாரையாவது கூட்டிக்கினு வாம்மா. அரையாண்டுக்குள்ள வேற குரூப் மாத்திக்கிறது உனக்கும் நல்லது" என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரைக்கும் அழுதேன். அழுகிறேன் என்று தெரிந்து கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் போய்விட்டார். நான் வைத்திருந்தது இலவச பாஸ்தான், இருந்தாலும்.

ஏன் அழுதேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தனை திட்டித் தீர்த்தேனே, அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டிலும் வெளியிலும் எது சரி, எது தப்பு என்று எப்போதும் யாராவது எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கணக்குப் போட்டு முடிக்கும்போது மட்டும், யாரையும் கேட்காமல், இது சரி என்று எனக்கே தெரியும். அம்மா சொன்னாலும் மாறாது, ஆசிரியர் சொன்னாலும் மாறாது. அந்த இடத்திலிருந்து என்னை எழுப்பி வேறு இடத்தில் உட்காரச் சொல்கிறார்கள் என்றுதான் அழுதேன்.

அப்பா விழுப்புரத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு நேராகப் பள்ளிக்கு வந்தார். தோளில் கயிற்றுக் கட்டு. இயற்பியல் ஆய்வகத்தில் திண்டிவனத்தார் இருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

"உக்காருங்க" என்றார் ஆசிரியர்.

"பரவாயில்லைங்க" என்று சொல்லி, கட்டை இறக்கிவைத்துவிட்டு, அப்பா கும்பிட்டார். "சார், நீங்கதான் திண்டிவனத்தாருங்களா?"

ஆசிரியர் என்னைப் பார்த்தார். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. "அப்படித்தான் சொல்றாங்களா?" என்றார்.

"பாப்பா சொல்லிக்கினே இருக்கும். கயிறு விஷயம் உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்லிச்சு. நானும் உங்க ஊர்க் கடையில மூணு வாட்டி கேட்டுட்டேன். வரணும் வரணும்னு சொல்லிக்கினே இருக்காரு. ஒரே பேஜாரா இருக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா குடுத்துடுவாரு."

"எந்தக் கயிறுங்க?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற மாதிரி நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நிறையற்ற, நீளாத கயிறு."

ஆசிரியர் சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து, சாக்பீஸ் எடுத்து, பலகையில் கப்பி வரைந்தார். கயிறு வரைந்தார். பிறகு திரும்பி அப்பாவின் தோளைப் பார்த்தார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "அப்படி ஒரு கயிறு உலகத்துலயே இல்லைங்க" என்றார்.

"இல்லைங்களா?"

"இல்லைங்க. கணக்குக்காக, இருக்குன்னு வச்சுக்கறோம்."

"யாரு வச்சுக்கறதுங்க?"

"எல்லாரும்தான். உலகம் பூரா."

அப்பா கீழே கிடந்த கட்டைப் பார்த்தார்.  வரணும், வரணும் என்று இத்தனை நாள் காத்திருந்த சரக்கு அந்த இடத்தில்தான் அவருக்கு வராமல் போனது.  "இவ்ளோ படிச்சவங்க, இல்லாததை இருக்குன்னு வச்சுக்கலாங்களா சார்?" என்று கேட்டார். குறை சொல்லிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வச்சுக்கினாத்தாங்க ஆரம்பிக்கவே முடியும். மொதல்லயே எல்லா வெயிட்டையும் ஏத்திட்டா கணக்கு நகராது. ஆரம்பிச்சுட்டா அப்புறம் ஒவ்வொண்ணா நெசத்தைச் சேத்துக்கலாம்."

அப்பா தலையாட்டினார். ஒரு புது ஊரின் வழக்கத்தைக் கேட்டுக்கொள்கிறவர் போல, மரியாதையாகத் தலையாட்டினார்.

ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். இனி என் விஷயம். "உங்க பொண்ணுக்கு மூளை இல்லாம இல்லைங்க. ஆனா பர்ஸ்ட் குரூப்புன்னா வீட்லயும் உக்கார வச்சுச் சொல்லிக்குடுக்கணும். டியூஷனும் போகலை. வீட்ல படிச்சவங்க யாராவது இருக்காங்களா?"

அப்பா அஞ்சாம் வகுப்பு. அம்மா கைநாட்டு. இதை அவர் சொல்லப்போகிறார், நான் வேறு குரூப்புக்குப் போகப்போகிறேன் என்று நினைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா யோசித்தார். பலகையில் இருந்த கயிற்றைப் பார்த்தார்.

"இருக்காங்கன்னு வச்சுக்குங்க சார்" என்றார்.

நக்கலாகச் சொல்லவில்லை. இங்கே இப்படித்தான் பேச வேண்டும் போலிருக்கிறது என்று, இப்போதுதான் கற்றுக்கொண்டதைச் சரியாகச் சொன்னார். ஆசிரியர் பலகையில் தான் வரைந்த கயிற்றைத் திரும்பிப் பார்த்தார். உலகம் பூரா வைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் சொல்லியிருந்தார். இந்த ஒன்றை மட்டும் கூடாது என்று எந்த வாயால் சொல்வார்?

"சரி" என்றார் கடைசியில். "அரையாண்டு வரைக்கும் வச்சுக்கறேன்."

என்னை வைத்துக்கொள்வதாகச் சொன்னாரா, வீட்டில் படிச்சவர் இருப்பதாக வைத்துக்கொள்வதாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா ஒரு காரியம் செய்தார். முகம் கழுவி, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாப் பித்தானும் போட்டார். பாக்கெட்டில் என் பேனா ஒன்றைச் செருகினார். காண்டிராக்டரின் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று எங்கள் வீட்டில் ஒதுங்கிக் கிடந்தது, அதை என் முன்னால் போட்டு உட்கார்ந்தார். சட்டையின் இடது பக்கம் வழக்கம்போலக் கீழே தொங்கியது.

"இன்னாய்யா இது கோலம்? எங்க கிளம்பற?" என்றாள் அம்மா.

"வீட்ல படிச்சவன் இருக்கான்னு வாத்தியார்கிட்ட ஒத்துக்கினு வந்திருக்கேன். பாப்பா, ஜல்தி ஆரம்பி."

படிச்சவர்கள் என்ன செய்வார்கள் என்று அப்பாவுக்கு ஒன்றுதான் தெரியும். அவர்கள் 'ஏன்' என்று கேட்பார்கள். அதனால் நான் ஒரு வரி படித்தால் அவர், "ஏன்?" என்பார். நான் சொல்ல வேண்டும். சொன்னது விளங்கவில்லை என்றால் பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டு, "ஏன்?" என்பார். கயிற்றுக்கு நிறை இல்லை என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் கேட்ட அன்றைக்கு, பதில் சொல்ல முடியாமல் புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். அவர் எழுந்து போய் எடுத்துவந்து கொடுத்து, "ஏன்?" என்றார்.

புங்கமரத்தடிக்குப் போய் நனைந்த நார்க் கயிற்றைத் தொங்கவிட்டு யோசித்தேன். கயிற்றுக்கும் கனம் இருந்தால், மேலே இருக்கிற பாகம் கீழே இருக்கிற கயிற்றையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அப்போது கயிறு முழுக்க இழுவிசை ஒன்றாக இருக்காது, இடத்துக்கு இடம் மாறும். அதை முதலிலேயே சேர்த்தால் கணக்கில் சிக்கு விழுந்துவிடும். அதனால் இல்லை என்று வைத்துக்கொள்கிறோம். உள்ளே வந்து இதைச் சொன்னேன். அப்பா தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ம். அடுத்தது" என்றார்.

இடையில் ஒரு நாள் திண்டிவனம் போனபோது, கடைக்காரரிடம் விஷயத்தை உடைத்திருக்கிறார். அப்படி ஒரு கயிறே இல்லையாம், வாத்தியார் சொல்லிவிட்டார் என்று. விளக்கு வைக்கிற நேரம்தான். கடைக்காரர், "வாத்தியாரு என்ன கயிறுக்கடையா வச்சிருக்காரு? வரணும், அடுத்த வாரம் வந்துடும்" என்றாராம். அப்பா மறுத்துப் பேசாமல் வந்துவிட்டார்.

அரையாண்டில் அதே கேள்வி வரவில்லை. வேறு கேள்விகள் வந்தன. தாளைத் திருத்திக் கொடுத்தபோது திண்டிவனத்தார் "வீட்ல படிச்சவர் நல்லா இருக்காரா?" என்று மட்டும் கேட்டார். நான் பாஸ். நல்ல பாஸ்.

சாயங்காலம் தாளை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் சட்டையோடு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். சிவப்பு மையில் இருந்த சரி குறிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இதுல வச்சுக்கினது எவ்ளோ, நெசம் எவ்ளோ?" என்று கேட்டார்.

"வச்சுக்கினது கேள்வியில இருக்குதுப்பா. மார்க்கு பூரா நெசம்."

அவர் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பாக்கெட்டில் இருந்த பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "வாத்தியாரு அரையாண்டு வரைக்கும்தான சொன்னாரு? அப்ப நான் சட்டையைக் கழட்டிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே மேல் பித்தானைக் கழற்றினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று குரலை உயர்த்தினேன். "முழுப் பரிட்சை வரைக்கும் போட்டுக்கினு இருப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். கழற்றிய பித்தானை மறுபடி போட்டார். பேனாவை வாங்கிப் பாக்கெட்டில் செருகிக்கொண்டார். "சரி, அடுத்த பாடம் இன்னா?"

நான் புத்தகத்தைப் பிரித்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தேன். "காற்றின் தடையைப் புறக்கணிக்க."

ஆடிக் காற்றில் எத்தனையோ பந்தலைப் பறிகொடுத்தவர், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏன்?" என்றார்.